தலையிடி என்று சொல்லி வாங்கிய ஒரு பகல்

1

நம் பங்கிலிருந்து அக்கரைச் சீமைக்குப் போனவர்கள் தங்கள் பாடுகளை எழுதி அனுப்ப வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்களுக்கு எழுத எவ்வளவோ இருக்கும். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது தலைமன்னாருக்கு. தனுஷ்கோடியில் கப்பலேறி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நாலு வாய் மென்று முடிப்பதற்குள் கரை வந்துவிடும். இதுவும் ஒரு அக்கரைச் சீமையா என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

சிரியுங்கள். ஆனால் ஒரு தடவை மண்டபம் முகாமில் வரிசையில் நின்று பாருங்கள். நாக்கை நீட்டு, கண்ணை விரி, அம்மை குத்திய தழும்பைக் காட்டு, எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, புருஷன் பேர் என்ன, எத்தனை நாள் இருப்பாய். பெற்ற தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விகள்தான். என் பெயரைச் சொன்னால் இந்தக் கரையில் அதை வேறு எழுத்தில் எழுதுகிறார்கள். அங்கே நான் ரோசம்மாள். இங்கே நான் றோசம்மா.

என் தங்கை எழுதுகிறாள்: "உனக்கென்ன, நீ சிலோன்காரி." அவள் கண்ணுக்கு நான் பட்டு உடுத்திக்கொண்டு பட்டணத்தில் உலாவுகிறேன். இங்கே எங்களைச் சுற்றி மணலும் பனையும் கழுதையும்தான். கழுதைகளுக்கு எஜமான் கிடையாது. அவை எங்களைவிட நிம்மதியாகத் தெருவில் நடக்கின்றன. இதை எழுதினால் தங்கை நம்ப மாட்டாள் என்பதால் நானும் எழுதுவதில்லை.

சாமியார் கேட்டதற்கு, இந்த முறை பாலன் பிறப்புத் திருநாளுக்கு முன்னால் எனக்குக் கிடைத்த ஒரு பகலைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளைகள் பிறந்த பிறகு இந்த வீட்டில் நான் தனியாக இருந்த முதல் பகல் அதுதான்.

2

எங்கள் வீட்டுக்காரர் மனுவேல் இங்கே கப்பல் துறையில் சாமான் கந்தோரில் எழுத்தர். திருநாளுக்காகத் துரை கொழும்புக்குப் போய்விட்டார். துரை இல்லாத கந்தோரில் லீவு கேட்க ஆளும் இல்லை, மறுக்க ஆளும் இல்லை. ஆகவே அன்று காலையிலேயே அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார். பேசாலையில் அவருடைய அக்கா மதலேனா வீட்டில் பலகாரம் சுடும் நாள் அது. நம் ஊரில் நாத்தனார் என்று சொல்வோமே, இங்கே மச்சாள் என்பார்கள். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் மச்சாள் வீட்டுக் குசினியில் கூடி, முறுக்கும் கொக்கிசும் பயத்தம்பணியாரமும் சுட்டுத் தகரங்களில் அடைப்பார்கள். நானும் ஏழு வருஷமாகப் போய் மாவரித்துவிட்டு வந்திருக்கிறேன். மாவரிப்பதற்கு மேல் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

"எனக்குத் தலை வலிக்குதுங்க. நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க," என்றேன்.

"தலைவலி இல்லை அம்மா, தலையிடி," என்று திருத்தினாள் என் மகள் திரேசி. அவளுக்கு ஏழு வயது நடக்கிறது.

உண்மையில் வலியும் இல்லை, இடியும் இல்லை. எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதோடு இன்னொரு எண்ணமும் இருந்தது. இந்த வருஷம் திருநாள் இரவை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஐப்பசியிலிருந்து அவரை நச்சரித்துச் சம்மதம் வாங்கியிருந்தேன். யாரும் இல்லாத பகலில் குடில் கட்டி முடித்து, வந்து பார்க்கும்போது பிள்ளைகள் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசையில் திரேசி அன்று காலையிலேயே மண்ணைப் போட்டாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, அத்தையை இந்த ஊர் வழக்கப்படி மாமி ஆக்கிக் கேட்டாள்: "அம்மா, நான் மாமி வீட்டிலேயே நிக்கட்டோ? திருநாள் முடிய வாறன். மாமியின்ர குடிலில நான்தானே பாலன் வைக்கிறனான்."

"நம்ம வீட்டிலும் பாலன் இருக்கு," என்றேன்.

"அது பெட்டிக்குள்ள கிடக்கிற பாலன்தானே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான், நியாயம் சொல்ல வேண்டிய இடத்தில் எதையாவது தூக்கிக்கொள்வார். "பிள்ளையை வற்புறுத்தாதை, றோசம்மா. பின்னேர வண்டிக்கு வர விருப்பம் எண்டா என்னோட வரட்டும். இல்லாட்டி அங்க நிக்கட்டும். திருநாள் எங்க இருந்தாலும் திருநாள்தானே."

"அவ இஷ்டம்," என்றேன். வாய்தான் சொன்னது.

3

வண்டி போன சத்தம் அடங்கியதும் வீட்டில் ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. முதலில் எனக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கத்தில் விளக்குமாற்றை எடுத்தேன். பிறகு யாருக்காகக் கூட்டுகிறேன் என்று அதைச் சுவரில் சாத்திவிட்டு, அவருடைய சாய்மனைக் கதிரையில் போய் விழுந்தேன். அதில் கால்களை நீட்டி வைக்க இரண்டு பக்கமும் நீளக் கைகள் உண்டு. பெண்கள் அப்படி வைத்தால் அழகில்லை என்று மச்சாள் ஒரு தடவை சொல்லியிருந்தாள். நான் இரண்டு காலையும் தூக்கி இரண்டு கைகளிலும் வைத்தேன். ஆகா, ஆண்பிள்ளைகள் ஏன் அந்தக் கதிரையை விட்டு எழுந்திருப்பதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

கோப்பி போட்டுக் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை போட்டுக் குடித்தேன். முந்திய நாள் மீன் குழம்பு சட்டியில் வற்றி இறுகிக் கிடந்தது. மிச்சப் பிட்டை அதே சட்டியில் போட்டுப் பிசைந்து, குசினித் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டேன். பரிமாற யாரும் இல்லை, முள் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை, நடு விலாத் துண்டு முழுவதும் எனக்கு. அந்தத் துண்டின் ருசி எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

வெந்நீர் வைத்துத் தலைக்குக் குளித்தேன். ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பாலன் தாலாட்டைப் பாடினேன். இந்த வீட்டில் அதை வாய்விட்டுப் பாடினால் ராகம் வேறு, சொல் வேறு என்று தகப்பனும் மகளும் சிரிப்பார்கள். அன்று நாலு சுவரும் மரியாதையாகக் கேட்டன. பாட்டு முடிந்ததும் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்: "நாற்காலி. ஆமா. தலைவலி." யாரும் திருத்தவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

வெளியே வாடைக்காற்று கொஞ்சம் ஓய்ந்து வெயில் விழுந்திருந்தது. துறையில் கப்பல் ஊதியது. மற்ற நாளில் அந்த ஊதல் கேட்டால் ஏறிப் போகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை வரும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் நம் மண்ணை மிதிப்பார்கள், நான் மட்டும் இங்கே என்று நினைப்பேன். அன்று அந்தப் பொறாமைகூட வரவில்லை. போகிறவர்கள் போகட்டும், எனக்கு என் கதிரை போதும் என்று கிடந்தேன்.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், நான் அந்தப் பகலை உண்மையாகவே அனுபவித்தேன் என்று நீங்கள் நம்ப வேண்டும். பிள்ளைகள் இல்லாமல் தவித்தேன் என்று எழுதினால் நல்ல தாய் என்பீர்கள். மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு தவிப்பும் இல்லை.

4

மத்தியானத்துக்கு மேல்தான் புத்தி பேசாலைக்குப் போனது. இந்நேரம் எண்ணெய்ச் சட்டி காய்ந்திருக்கும். திரேசி மூக்கில் மாவோடு மச்சாளின் மடியில் ஏறியிருப்பாள். கொக்கிஸ் அச்சைப் பிடிக்க அவளுக்கு மட்டும் மச்சாள் கை கொடுத்திருப்பாள். நான் பிடித்தால் "விடு விடு, எண்ணெய் தெறிக்கும்" என்று வாங்கிக்கொள்வாளே, அதே அச்சு.

திரேசியை மச்சாளிடம் விட்டது யார் என்று கேட்டால் நான்தான். தலைமன்னாரில் அவள் வயதுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பேசாலையில் பெண் பிள்ளைகளை நன்றாகப் படிப்பிக்கிறார்கள். மச்சாளுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் காலமாகிவிட்டார், பெரிய வீடு. திங்கள் காலை போய் வெள்ளி பின்னேரம் வரலாம் என்று பேச்சு. என் பிள்ளை எழுத்துப் படிக்க வேண்டும் என்று நானும் தலையாட்டினேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளையை ஊட்டி வளர்த்தவளுக்குத் தன் பிள்ளையாகவே அது வளர்ந்துவிட்டது.

முதல் மாதம் வீட்டுக்கு வந்தபோது "எங்கட வீட்டில மூண்டு பூனை" என்றாள். எங்கள் வீட்டில் ஏது பூனை என்று நான் தேடினேன். பிறகுதான் எந்த வீடு என்று விளங்கியது. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி ரிப்பன் போட்டு வருவாள். நான் அவிழ்த்து, நம் ஊர் வழக்கப்படி எண்ணெய் வைத்து ஒற்றையாகப் பின்னுவேன். அழுதுகொண்டே இருப்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் இரட்டைப் பின்னல். எங்கள் இரண்டு பேரின் சண்டையும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் நடந்தது. இத்தனைக்கும் மச்சாள் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

அதுதான் எனக்குத் தாங்காது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லியாவது ஆறியிருப்பேன். என் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் கருப்பட்டியும் சுக்கும் கட்டிக்கொண்டு அடுத்த வண்டியிலேயே வந்து நிற்பாள். வந்தவள் என் குசினியை ஒழுங்குபடுத்திவிட்டுப் போவாள். அவள் போன பிறகு உப்புப் பாத்திரத்தைத் தேடியே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

5

இப்படியே நினைத்துக்கொண்டு கிடந்தால் பகல் வீணாகிவிடும் என்று எழுந்து அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன்.

என் பாலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கன்னியர் மெழுகில் வார்த்து, கண்ணாடிக் கண் வைத்து, சுருட்டை முடி ஒட்டிச் செய்த பாலன் அது. சீர்வரிசையோடு அம்மா கொடுத்துவிட்டது. தலைமன்னார் துறையில் நான் முதல் முதல் இறங்கியபோது சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பறங்கி உத்தியோகத்தர் ஒருவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பொம்மையோ?"

"இல்லை. சேசுபாலன்," என்றேன்.

"மெழுகு, கண்ணாடிக் கண், தலைமயிர். எங்கட சட்டத்தில இதுக்குப் பேர் பொம்மை. பொம்மைக்கு வரி இருக்குது. சாமிச் சாமானுக்கு இல்லை." அவர் கையில் பேனா தயாராக இருந்தது. "இது சாமி எண்டு எப்பிடி நான் தெரிஞ்சுகொள்ளுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் அங்கேயே மணலில் முழங்கால் போட்டு அருள் நிறைந்த மந்திரம் சொல்லத் தொடங்கினேன். வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்க்கிறது. புது மாப்பிள்ளை அதே துறையில் வேலை செய்கிறவர். என்னைத் தெரியாதவர் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உத்தியோகத்தர் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினார். "எழும்புங்கோ பிள்ளை, எழும்புங்கோ. என்ர வீட்டிலயும் ஒண்டு இருக்குது," என்று மூடியைத் தாமே மூடினார். அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் துறையில் சிரிக்கிறார்கள்.

அவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த பாலன் பிறகு ஒரு வருஷம்கூட வெளியே வரவில்லை. திருநாள் இரவுகளெல்லாம் மச்சாள் வீட்டில்தான். அங்கே குடும்பத்துப் பழைய மரப்பாலன் உண்டு. இந்தக் குடும்பத்தில் ஒரு முறை: குடில் கட்டினாலும் தீவனத்தொட்டியை வெறுமையாகவே வைத்திருப்பார்கள். திருநாள் நடுச்சாமத்தில் பூசை முடிந்து வந்த பிறகு, அந்த வீட்டுச் சின்னப் பெண்பிள்ளை பாலனைக் கொண்டுவந்து அதில் கிடத்த வேண்டும். அதற்கு முன்னால் பாலனைத் தொட்டியில் யாரும் கண்ணால் காணக்கூடாது. முன்கூட்டி வைத்தால் பிறப்பைத் திருடியதாகச் சொல்வார்கள். மூன்று வருஷமாகத் திரேசிதான் மச்சாள் வீட்டில் கிடத்துகிறாள். மற்றவர்கள் பாட்டுப் பாடுவார்கள். நான் கதவோரம் நின்று, பெட்டிக்குள் இருட்டில் கிடக்கும் என் பாலனை நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் என் முறை. சாமான் பெட்டிப் பலகைகளை அடுக்கி, சாக்குத்தாளில் கரியைப் பூசிக் கசக்கி மலை செய்தேன். மேலே பனையோலைக் கூரை போட்டேன். மணலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. வைக்கோலுக்குத்தான் பஞ்சம். அதற்கு அடுத்த வீட்டுச் சுபைதாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

6

சுபைதா வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு கட்டு வைக்கோலோடு வந்தாள். "பாப்பாமோட்டையில இருந்து காக்கா வண்டியில கொண்டுவந்தது. உங்களுக்கெண்டு நல்லதாப் பாத்து உருவி எடுத்தனான்," என்றாள். காக்கா என்றால் அவளுடைய அண்ணன். குடிலைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வடிவா இருக்குது றோசம்மாக்கா. பிள்ளையள் எங்க, ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

"பேசாலைக்குப் போயிட்டாங்க. திரேசி அங்கேயே இருந்துடுவா போல," என்றேன்.

"அல்லாவே, நீங்கள் குடுத்து வைச்சவ. என்ர ரெண்டும் தங்கச்சி வீட்டிலதான் எந்த நேரமும். நான் கதவைச் சாத்திப்போட்டு நல்லா நித்திரை கொள்ளுவன்."

"உனக்கு ஒண்ணும் தோணாதா சுபைதா? பிள்ளை அங்கேயே ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டட்டுமே. பசிக்கேக்க உம்மாட்டத்தான் வருவினம்." அவள் சிரித்துக்கொண்டே தொட்டியில் வைக்கோலைப் பரப்ப உதவினாள். பிறகு வாய் தவறியும் இல்லை, குத்தலாகவும் இல்லை, வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அப்ப பிள்ளை வராட்டி உங்கட பாலனை ஆர் வைக்கிறது?"

அவள் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் போகாமல் என் குசினிக்கும் குடிலுக்கும் நடுவே உலாவியது. ஆர் வைக்கிறது? சின்னவன் ஆண்பிள்ளை, அதோடு கையில் கிடைத்ததைக் கடித்துப் பார்க்கிற வயது. நாளை இரவு பேசாலையில் திரேசி மரப்பாலனை ஏந்திக்கொண்டு நடப்பாள், மச்சாள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். இங்கே நான், அவர், கடிக்கிற பையன், வெறும் தொட்டி. ஏழு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது போதாதென்று என் பாலன் இந்த வருஷமும் கிடக்க வேண்டுமா? என் தாய் கொடுத்தது, நான் முழங்கால் போட்டு மீட்டது, என் மகளுக்கு அது பெட்டிக்குள் கிடக்கிற பாலனாகிவிட்டதா?

வரப்போவதில்லை, அவள் வரப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அது நடந்து முடிந்துவிட்ட காரியமாகவே ஆகிவிட்டது. வராதவளுக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

பெட்டியைத் திறந்தேன். துணியை விலக்கி, பாலனை எடுத்து, பட்டப்பகலில், திருநாளுக்கு முந்தின நாளுக்கும் முன்னால், தொட்டியில் கிடத்தினேன். "நீ வராட்டி போ. நானே வைக்கிறேன்," என்று வாய்விட்டுச் சொன்னேன். தாலாட்டையும் இன்னொரு தடவை பாடினேன். வீம்புக்குச் செய்த காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வைக்கோலில் கிடந்து கண்ணாடிக் கண்ணால் அது என்னைப் பார்த்தபோது, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இந்த வீடு என் வீடு என்று தோன்றியது. அந்தத் திருப்தியில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தேன். இரண்டு கோப்பி குடித்திருந்தும் எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை.

7

பின்னேர வண்டி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மணலில் ஓடி வரும் காலடிதான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது திரேசி வாசற்படியில் மூச்சு வாங்க நின்றாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது.

"அம்மா, நான் வந்திட்டன். நாளைக்கு நான்தான் எங்கட பாலனை..."

குடிலைப் பார்த்துவிட்டாள். கிட்டப் போய்க் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கதிரையின் நீளக் கையில் கால் மாட்டிக்கொண்டது.

"ஆர் வைச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான் கண்ணு. சும்மா பார்க்கத்தான் வச்சேன். நீ வரமாட்டியோன்னு..."

"நான் வரேல்லையே இன்னும். நான் வர முந்தி ஏன் வைச்சனீங்கள்?"

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதற்குள் அவர் சின்னவனையும் பலகாரத் தகரங்களையும் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். குடிலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் அவர் எதையும் தூக்கிக்கொள்ளாமல் நின்றதைப் பார்த்தேன்.

"அக்காதான் அனுப்பினவ," என்றார் மெதுவாக. "இவள் நிக்கப்போறன் எண்டுதான் நிண்டவள். அக்கா பக்கத்தில இருத்தி வைச்சுச் சொன்னவ, 'உன்ர அம்மாவுக்குத் தலையிடியுமில்லை ஒண்டுமில்லை. அவ உனக்கெண்டு குடில் கட்டிக்கொண்டிருப்பா. நீ போய்த்தான் வைக்கவேணும்' எண்டு."

"அப்போ அங்கே யார் வைப்பாங்க?" எனக்கு அதுதான் கேட்க வந்தது.

"தானே வைக்கிறாவாம்."

திரேசி குடிலின் முன்னால் குந்தியபடியே சொன்னாள், என்னைப் பார்க்காமல்: "வண்டி ஏறேக்கயும் மாமி சொன்னவ. நீ போற வரைக்கும் அம்மா பாலனைத் தொடமாட்டா, உன்னைத்தான் பாத்துக்கொண்டிருப்பா எண்டு. மாமி பொய் சொல்லமாட்டா."

நான் போட்ட தலையிடி வேஷத்தைப் பேசாலையில் இருந்தபடியே மச்சாள் கண்டுபிடித்துவிட்டாள். என் ஆசையைக் கண்டுபிடித்துவிட்டாள். தன் மடியில் இருந்த பிள்ளையை இறக்கி எனக்கு அனுப்பியும் விட்டாள். என் பிள்ளை என்னிடம் வந்தது அவள் கொடுத்த தானம். எல்லாவற்றுக்கும் மேலே, எனக்காக அவள் ஒரு வாக்கும் கொடுத்திருக்கிறாள். அந்த வாக்கைப் பொய்யாக்கியது நான். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு என்ன வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். முன்னைவிட அதிகமாகப் பொறாமைதான் வந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவள் எனக்கு முந்திக்கொண்டாளே என்ற பொறாமை.

"பிறந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பேலாதே," என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

"இது இன்னும் பிறக்கேல்லை," என்றாள் திரேசி. தொட்டியிலிருந்து பாலனை இரண்டு கையாலும் எடுத்தாள். முடியில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை ஊதினாள். பெட்டிக்குள் கிடத்தி, துணியைக் கழுத்து வரைக்கும் போர்த்தி, மூடியை மூடினாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்தாப் பிறகுதான். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

"தொடமாட்டேன்," என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அதைப் பாயில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்கள் போய்ப் படுங்கோ அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள். யாரிடமிருந்து பார்த்துக்கொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் இரவு அவளே பாலனைக் கிடத்தினாள். பாட்டும் பாடினோம். நீங்களும் அங்கே அப்படித்தான் பாடியிருப்பீர்கள், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எனக்கு மறக்காதது முந்தின இரவுதான். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தலை ஆடத் தொடங்கியது. நான் பக்கத்தில் போய்ப் படுத்து, அவளை மெல்ல என் பக்கம் இழுத்தேன். தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிட்டு, பெட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மச்சாள் மேல் இருந்த பொறாமையே எனக்கு ஆறவில்லை. அதற்குள் அந்தப் பெட்டிக்குள் கிடந்த மெழுகுப் பிள்ளை மேலும் பொறாமை வந்துவிட்டது.